அடியில் போட்ட மௌனம்

பேய், பிசாசு எல்லாம் மனப்பிராந்தி என்று பேசிக்கொண்டிருந்தவள்தான் நானும். இதைப் படித்துவிட்டு நீங்களும் அப்படியே சொல்லிக்கொள்ளலாம், சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அந்த அறையில் நான் தனியாக இல்லை. கூட இருந்த இரண்டு பேரில் ஒருத்தி இன்றும் நல்லபடியாக இருக்கிறாள். கேட்டால் சொல்வாள்.

என் தம்பி ஒரு கிடங்கில் காவலாளி. அங்கே தீப்பிடித்தபோது திரும்பத் திரும்ப உள்ளே ஓடி ஆட்களை இழுத்து வந்தான். ஐந்து பேரை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. பின்கதவை யாரோ வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள். அதைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ஓர் இயக்குநர் வந்தார். எங்கள் வீட்டு முன்னறையில்தான் பேட்டி நடந்தது. தம்பி நீலக் கட்டம் போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"கடைசியா வெளியே வந்தது நீங்களா?" என்று அவர் கேட்டார்.

"ஆமா. நான்தான்" என்றான் தம்பி.

எங்கள் ஊரில் திரையிட்ட படத்தில் அந்தக் கேள்வி இல்லை. ஸ்டுடியோவில் உட்கார்ந்து, தன் குரலிலேயே வேறொரு கேள்வியைப் பதிவு செய்து ஒட்டியிருந்தார். "பின்கதவைப் பூட்டினது நீங்களா?"

"ஆமா. நான்தான்."

அதன்பிறகு தெருவில் யாரும் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. இறந்தவர்களின் வீட்டார் வாசலில் வந்து நின்று சாபமிட்டார்கள். அவன் சாப்பாட்டைக் குறைத்தான். பேச்சைக் குறைத்தான். ஒருநாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. புதிதாக ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி நான்தான் போட்டுவிட்டேன். கழுத்துப் பொத்தான் துளைக்குள் நுழையவில்லை. அப்படியே திறந்து விட்டுவிட்டேன். பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளிடம் போய்விட்டேன்.

அரை வருடம் கழித்து, அந்தப் படம் டிவியில் வரப்போகிறது என்று காதில் விழுந்தது. ஊர் முழுக்கத் தெரிந்த பழி இனி நாடு முழுக்க. நேராக ஸ்டுடியோவுக்குப் போனேன்.

படத்தொகுப்பு அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்தினால் நம் மூச்சு நமக்கே கேட்கும். படத்தை வெட்டி ஒட்டும் பெண்ணை எல்லாரும் கத்திரி என்றார்கள். "வெட்டச் சொல்றது இவரு, பேரு மட்டும் எனக்கு" என்று சிரித்தபடி நாற்காலி போட்டாள்.

"வாங்கக்கா" என்றார் இயக்குநர். "டீ சொல்லட்டுமா?"

"டீ குடிக்க வரல. அந்த ஒரு கேள்விய எடுத்துடுங்க."

"அத எடுத்தா படம் படுத்துடும்க்கா. பாக்குறவங்களுக்குக் கை காட்ட ஒரு ஆள் வேணும்ல?"

"அதுக்கு என் தம்பிதான் கெடச்சானா?"

"சரி, தம்பிய வரச் சொல்லுங்க. நானே பேசிக்கிறேன்."

"அவன் போய்ச் சேந்துட்டான்."

இயக்குநர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார். "அப்போ இனிமே அவருக்கு என்னக்கா கஷ்டம்?"

கத்திரியின் கை அப்படியே நின்றது. "சார்..." என்றாள்.

"நீ ஓட்டு. ஒட்டின எடம் தெரியுதான்னு அக்காவே பாக்கட்டும்."

என் முகத்தைப் பார்க்காமலே கத்திரி மெதுவாகச் சொன்னாள். "வெட்டின எடத்துல சத்தம் அறுந்துபோனது காதுக்குத் தெரிஞ்சுடும்க்கா. அதுக்கு அதே ரூம்ல, யாரும் பேசாதப்போ ஒரு நிமிஷம் பதிவு பண்ணி பேச்சுக்கு அடியில போடுவோம். நாங்க அத மௌனம்னு சொல்வோம்."

மணி மூன்று பத்து. பட்டப்பகல்.

திரையில் தம்பி. இயக்குநரின் குரல் கேட்டது: "பின்கதவைப் பூட்டினது நீங்களா?"

தம்பி பதில் சொல்லவில்லை.

"படம் நின்னுடுச்சா?" என்றார் இயக்குநர். நிற்கவில்லை. தம்பிக்குப் பின்னால் ஜன்னல் திரை ஆடிக்கொண்டிருந்தது.

"மறுபடி ஓட்டு."

ஓட்டினாள். இந்த முறை தம்பி நேராகக் கேமராவைப் பார்த்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை இல்லை.

வெள்ளைச் சட்டை.

கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது...

இயக்குநர் எரிச்சலோடு, "கேள்வி பதில் ரெண்டையும் அணைச்சுட்டு ஓட்டு. எங்க கோளாறுன்னு பாப்போம்" என்றார். அணைத்தாள். இப்போது ஓடியது மௌனம் மட்டும்.

மின்விசிறியின் இரைச்சல்.

நாற்காலி கிரீச்சிட்டது.

யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"கேள்விய மாத்தினது யாரு?"

என் தம்பியின் குரல்.

"எவன்டா இது, விளையாட்..." என்று ஆரம்பித்த இயக்குநரின் வாய் பாதியில் கோணியது.

"ஆமா. நான்தான்."

அதுவும் தம்பியின் குரல்தான். ஆனால் வந்தது அவர் தொண்டையிலிருந்து.

கத்திரி பாய்ந்து வயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது.

குரல் அணையவில்லை.

"என்னைக் கொன்னது யாரு?"

அவர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கு வழியாக...

"ஆமா. நான்தான்."

மறுபடியும் கேள்வி.

மறுபடியும் பதில்.

அவர் கண்கள் என்னைக் கெஞ்சின. 'போதும்டா' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தம்பி நிறுத்தியிருப்பான். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டியதில்லை.

நான் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. குரல் தானாக ஓய்ந்ததும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனார். கத்திரி அழுதுகொண்டே பழைய பதிவைத் தேடி எடுத்து, உண்மையான கேள்வியை அந்த இடத்தில் வைத்தாள். அன்றைக்கே டிவிக்கு அனுப்பிவிட்டாள். தம்பி கடைசியாக வெளியே வந்தவன் என்பதை எல்லாரும் கேட்டார்கள். சாபமிட்டவர்களே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அதை இயக்குநர் பார்க்கவில்லை. ஸ்டுடியோவிலிருந்து போன மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. முந்தின நாள் வீட்டு வாசலில் நின்று யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே இருந்தாராம். எதிரே ஆள் யாரும் இல்லை என்று அவர் மனைவி கத்திரியிடம் சொல்லியிருக்கிறார்.

படம் டிவியில் வந்து ஒரு வாரம் கழித்து, அதன் ஒலிப்பதிவுக்காரர் எனக்குப் போன் செய்தார்.

"படம் பாத்தேன்க்கா. தம்பிகிட்ட நான் சந்தோஷப்பட்டேன்னு சொல்லுங்க."

"எந்தத் தம்பி?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? டிவிக்காகப் புதுசா மௌனம் எடுக்கப் போன மாசம் உங்க வீட்டுக்கு வந்தேனே. அவர்தானே கதவைத் திறந்தாரு?"

வீட்டுச் சாவி என் பையில் இருந்தது. ஒரே சாவிதான்.

"ஒரு நிமிஷம் பேசாம இருங்கன்னேன். அசையாம உக்காந்திருந்தாரு, பாவம். கெளம்பும்போது மட்டும் ஒண்ணு கேட்டாரு."

"என்ன... என்ன கேட்டான்?"

"டைரக்டர் வீடு எங்கன்னு. வழி சொல்லிட்டுத்தான்க்கா வந்தேன்."