காத்திருப்பானின் ஆயுள்

அந்த விளையாட்டை உண்டாக்கியது நான்தான். அதனால் அதில் நடந்ததற்கும் நான்தான் பொறுப்பு.

சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் இருந்த விடுதியில் அறைக்கு ஆறு பேர். அதில் நாங்கள் மூன்று பேர் ஒரே கம்பெனி, ஒரே லைன், ஒரே ஷிப்ட். ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வோம். நான் செய்யாறு. என்னைவிட நான்கு வயது சின்னவள் அரக்கோணம். வாய் ஓயாமல் பேசுவாள். மூன்றாவது ஆள் வள்ளியூர். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்தவள். சாப்பிடும்போதுகூடச் சத்தம் வராது. அறைக்கு வந்த முதல் மாதம் அவள் குரல் எப்படி இருக்கும் என்றே எங்களுக்குத் தெரியாது.

காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் எங்களை இறக்கிவிடும்போது மூன்று மணி ஆகியிருக்கும். அதற்குப் பிறகு துணி துவைப்பதும் போனைப் பார்ப்பதும்தான். விடுதிக்குள் சிக்னல் சரியாக எடுக்காது. ஒருநாள் யாரோ பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் விளையாட்டைப் பற்றிய வீடியோ ஒன்றைப் பார்த்தேன். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாக நடப்பார்கள். சண்டை வந்தால் பகடை தீர்மானிக்கும். எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, வற்றிப்போன ஏரி ஒன்றையும் அதைச் சுற்றி நான்கு ஊர்களையும் வரைந்தேன். ஊருக்கு ஊர் ஒரு பிராணியை வைத்தேன். கிணற்றுக்குள் இருக்கும் வழுவழுப்பான ஒன்று, கூட்டமாக வந்து கூரையை மேயும் சின்னச் சின்ன ஜந்துக்கள், மணலுக்கடியில் நீந்தும் பெரிய ஒன்று. பழைய லூடோ பெட்டியிலிருந்து ஒரு பகடை கிடைத்தது.

அரக்கோணம் சண்டை போடத்தான் வருவாள். "இன்னாக்கா, சும்மா நடந்துகினே கீறோம், எதனா வரச் சொல்லு" என்பாள். வள்ளியூர் வேறு மாதிரி. இரண்டாவது வாரம் மணலுக்கடியில் இருக்கும் பிராணியைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் முதல்முறையாகக் கேட்டாள்.

"ஏக்கா, இது எத்தன வருசம் உசுரோட இருக்கும்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் லைனில் எட்டு மணி நேரமும் அதையே யோசித்தேன். என் வேலை லென்சுக்குக் கீழே வரும் எலக்ட்ரானிக் போர்டுகளில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது. கண்ணுக்குத்தான் வேலை, மூளை சும்மா இருக்கும். எலி இரண்டு மூன்று வருடம். யானை அறுபது எழுபது. ஆமை அதற்கும் மேலே. ஆக, ஓடி ஓடி இரை தேடுவது சீக்கிரம் போய்விடும். மெதுவாக இருப்பது நிற்கும். நிறையக் குட்டி போடுவது சீக்கிரம் போகும். மனிதரைத் துரத்துவதை மனிதர்கள் சேர்ந்து அடித்துக் கொன்றுவிடுவார்கள், அதனால் அதற்கும் ஆயுள் கம்மி. இப்படி ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டு, கூரை மேய்வதற்கு மூன்று வருடம், கிணற்றில் இருப்பதற்கு நாற்பது, மணலில் நீந்துவதற்கு நூற்றிருபது என்று எழுதினேன். படித்த படிப்பு எதற்கும் உதவாமல் கிடந்த எனக்கு அன்றைக்குப் பெரிய பெருமையாக இருந்தது.

அந்தக் கணக்கின்படி நீண்ட நாள் வாழக்கூடிய பிராணி ஒன்றைப் புதிதாகச் செய்ய ஆசை வந்தது. அதற்குக் காத்திருப்பான் என்று பெயர் வைத்தேன். நான்கு ஊர்ப் பாதையும் சேரும் இடத்தில் அது நிற்கும். யாரையும் துரத்தாது. எல்லாரும் ஒருநாள் அந்த வழியாகத்தானே வரவேண்டும்? பல வருடத்துக்கு ஒருமுறை தின்றால் போதும். உடம்பில் தெம்பு செலவாகாததால் அதற்கு வயதே ஏறாது.

"நானூறு வருசம்" என்றேன்.

வள்ளியூர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "இப்பம் அதுக்கு என்ன வயசு?"

"நாப்பது வச்சிக்கலாம்."

"அப்பம் இப்பதான் ஆரம்பிச்சிருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பிராணியைப் பற்றி மட்டும் அவள் பேசத் தொடங்கினாள். அது அசிங்கமாக இருக்கக்கூடாது, பார்த்தால் எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்றாள். "கையில ஏதாச்சும் திங்க வச்சிருக்கும்க்கா. வாரவங்களுக்குக் குடுக்கும். சிரிச்ச மொகமா இருக்கும்." நான் மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டேன். கதை சொல்கிறவளுக்கு இப்படி ஓர் ஆள் கிடைத்தால் வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் அவளைப் பார்க்க ஒருவர் வருவார். அவளுடைய ஊர்க்காரர். அவளையும் அந்தப் பக்கத்துப் பெண்கள் பலரையும் ஒரு காண்ட்ராக்ட் மூலம் இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவர். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சின்னதாகத் திருநீறு. விடுதிப் பெண்கள் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். ஒவ்வொரு முறையும் கருப்பட்டி மிட்டாய் வாங்கி வருவார். அறைக்கே ஒரு பொட்டலம் வரும். நானும் அரக்கோணமும் போட்டி போட்டுத் தின்போம். வள்ளியூர் தொட மாட்டாள். இனிப்பு பிடிக்காது போல என்று நினைத்தேன். அவரைப் பார்த்துவிட்டு மேலே வந்ததும் அவள் கையை சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவுவாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். வெயில் ஜன்னல் கம்பி வழியாக நோட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. கதைக்குள் வள்ளியூர் பாதை சேரும் இடத்துக்கு வந்துவிட்டாள். காத்திருப்பானை வெட்டப் போகிறேன் என்றாள். பகடையை உருட்டினாள். ஆறு விழுந்தது.

"கத்தி ஒடஞ்சிடுச்சி" என்றேன். "அதோட தோலு கத்திக்கு அறுபடாது."

"ஆறு விழுந்திருக்குக்கா."

"ஆறு விழுந்தாலும் வயசு முடியாம அது சாவாது. ரூல் அப்படி."

மறுபடி உருட்டினாள். மறுபடியும் ஆறு. என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "ஒரே ஒருக்கா சாவட்டும்க்கா."

அரக்கோணத்துக்குப் பொறுக்கவில்லை. "இன்னாக்கா நீ, கதைதானே? செத்துப்பூட்ச்சுன்னு சொல்லேன். உனுக்கு இன்னா போச்சு?"

நான் சொல்லவில்லை. யோசித்து யோசித்துக் கட்டியதை ஒருத்தி அழுகிறாள் என்பதற்காக உடைப்பதா என்று பிடிவாதமாக இருந்தேன். அப்போது அவள் போன் அடித்தது. அவர் கீழே வந்திருந்தார். அவள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

நான் எழுந்து துணி காயப்போடும் பால்கனிக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே அவர் தன் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். அவள் போன் அவர் கையில் இருந்தது. கட்டை விரலால் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பிள்ளைபோல் நின்றிருந்தாள். அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துக் கையசைத்தார். நானும் கையசைத்தேன்.

அந்தக் கையசைப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

புதன்கிழமை பஸ்ஸில் அவள் ஏறவில்லை. ஷிப்ட் முடிந்து நாங்கள் வந்தபோது கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தேன். உடம்பு சில்லிட்டிருந்தது. அரக்கோணம் கதவைத் தாழ் போட்டுவிட்டு, "சொல்லு, அந்தாளு இன்னா பண்றான்?" என்று நேராகக் கேட்டாள். நான் கேட்காததை அவள் கேட்டாள்.

வள்ளியூர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வேலைக்குச் சேர்க்கும்போது வாங்கிய அசல் சான்றிதழ்கள் எல்லாம் அவரிடம் இருக்கின்றன. திருப்பித் தரவில்லை. வாரா வாரம் போனைப் பார்ப்பார். யாரோடு பேசினாள், எங்கே போனாள் என்று கேட்பார். பிடிக்காத பதில் வந்தால் அன்றே அவளுடைய அம்மாவுக்குப் போன் போகும்: மகள் போக்கு சரியில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. பக்கத்தில் பென்னலூரில் ஒரு வீடு எடுத்திருக்கிறாராம். வரும் ஞாயிற்றுக்கிழமை மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"அவருக்குப் பொண்டாட்டி புள்ள இல்லியா?" என்றாள் அரக்கோணம்.

"ஊர்ல இருக்காவ."

"எங்க கிட்ட ஏன் சொல்லல?" என்று நான் கேட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "சொன்னேனேக்கா. நீங்க நானூறு வருசம்னு சொல்லிட்டீங்க. கதைன்னு எனக்குத் தெரியும். ஆனா கணக்குப் போட்டுச் சொன்னீங்களா, நம்பிட்டேன்."

அவள் காலடியில் உட்கார்ந்தேன்.

விடுதி வார்டனிடம் போனோம். அவர் முழுவதும் கேட்காமலே, "நல்ல மனுஷன்மா அவரு. உங்க ஊர்க்காரர் உங்க நல்லதுக்குத்தான் சொல்வாரு" என்றார். நாங்கள் மாடி ஏறுவதற்குள் அவர் யாருக்கோ போன் செய்வது கேட்டது. போலீசுக்குப் போகலாம் என்றேன். வள்ளியூர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். ஊரில் அம்மாவும் தங்கையும் தனியாக இருக்கிறார்கள் என்றாள். அதற்குமேல் எனக்கும் தைரியம் வரவில்லை.

அரக்கோணத்தின் அக்கா ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அவளிடம் பேசினோம். அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். வெள்ளிக்கிழமை மூன்று பேரும் லீவு போட்டோம். காலை பத்து மணிக்கு, கம்பெனிப் பை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைக்குப் போகிறவர்கள்போல வெளியே வந்தோம். பெட்டியையும் பாயையும் அப்படியே விட்டாள். சிம்மைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் எப்போதும்போலக் கூட்டம். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. டீக்கடையில் நின்றவர்களில் நாலைந்து பேர் தெற்கத்திப் பேச்சுப் பேசினார்கள். அதுவரை அந்தப் பேச்சு எனக்குக் காதுக்கு இதமாக இருந்தது. அன்றைக்கு ஒவ்வொரு சொல்லும் முதுகில் குத்தியது. ஒருவன் எங்களைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தான். யாருக்கோ, எதற்கோ. வெள்ளைச் சட்டையோடு பைக்கில் போன ஒவ்வொருவரும் அவராகத் தெரிந்தார்கள். ஓசூர் பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. பஸ் நின்றதும் அரக்கோணம் அவளை முதுகில் கை வைத்துத் தள்ளி ஏற்றினாள். அவள் ஜன்னலைத் திறக்கவில்லை, எங்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அதுவே சரி என்று எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வந்தார். என்னைக் கீழே கூப்பிட்டு அனுப்பினார்.

"பிள்ள எங்க?"

"தெரியாதுண்ணா. ஊருக்குப் போறேன்னு சொன்னா."

என் கண்ணையே பார்த்தார். கோபப்படவில்லை. குரலும் உயரவில்லை. "சரிம்மா. எங்கன போயிருவா? நா இங்கனதான இருக்கேன்" என்றார். பிறகு மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார். என் கை அதை வாங்கிக்கொண்டது. மேலே போய்க் குப்பையில் போட்டேன்.

அதற்கப்புறம் ஏழெட்டு ஞாயிறுகள் அவர் வந்தார். யாரையும் கூப்பிடவில்லை. எதிர்ப்பக்கம் பைக்கை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் எங்கள் மாடியைப் பார்த்துவிட்டுப் போவார். நாங்கள் பால்கனியில் துணி போடுவதை நிறுத்தினோம். விளையாட்டையும் அதற்குப் பிறகு தொடவில்லை.

வள்ளியூர் ஓசூரில் நன்றாக இருக்கிறாள். அந்த அக்காவின் உதவியால் சான்றிதழ்களுக்கு நகல் விண்ணப்பித்து வாங்கிவிட்டாள். அவள் அம்மா முதல் ஆறு மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறார், ஆனால் பாதிதான் நம்புகிறார் என்று சொன்னாள். புது எண்ணிலிருந்து எப்போதாவது எனக்குக் கூப்பிடுவாள். அவரைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

நான் இப்போது ஒரகடம் பக்கம் வேறொரு கம்பெனியில் லைன் லீடர். புதிதாக வரும் பெண்களுக்கு முதல் வாரம் வேலை கற்றுக்கொடுக்க வேண்டும். சென்ற மாதம் வந்தவர்களில் ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்டதும் எந்த ஊர் என்று கேட்டேன். வள்ளியூருக்குப் பக்கத்துக் கிராமம். யார் சேர்த்துவிட்டது என்று கேட்டேன்.

"எங்க ஊர் அண்ணன்தான் சேத்துவிட்டாவ. நல்லவ்வோக்கா."

"சர்ட்டிபிகேட் எங்க?"

"அவ்வொட்டதான் இருக்கு. பத்திரமா வச்சிருக்காவ."

இந்த முறை நான் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. அவளை கேண்டீனுக்கு அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னேன். அதே ஆள், அதே பென்னலூர் வீடு என்று அவள் பேச்சிலிருந்து தெரிந்தது. மறுநாள் அவளோடு எச்.ஆரிலிருந்து ஒரு மேடத்தையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தது அவர்தான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் தலையில் ஒரு நரைகூட இல்லை. என்னை அடையாளம் தெரிந்ததா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. மேடம் விஷயத்தைச் சொன்னதும், "அதுக்கென்ன, கேட்டா குடுத்துறப் போறேன். வெயில்ல வந்திருக்கீய, மோர் குடிக்கியளா?" என்றார்.

உள்ளே போனவர் பின்னறைக் கதவைத் திறந்தார். வாசலில் நின்ற இடத்திலிருந்தே எனக்கு உள்ளே தெரிந்தது. தரையிலிருந்து மேலே வரை இரும்பு அலமாரி. தட்டுக்குத் தட்டு பிளாஸ்டிக் கவர்கள், புத்தகம் அடுக்கியதுபோல நெருக்கமாக. ஒவ்வொரு கவரின் மேலும் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒட்டியிருந்தது. எல்லாம் பெண்களின் முகம். அவர் தேடவே இல்லை. கையை நீட்டி, சரியான கவரை உருவி எடுத்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அந்தக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

அந்தப் பெண் தெருவிலேயே நின்று ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்தாள். எல்லாம் இருந்தது. நான் பார்த்ததை மேடத்திடம் சொன்னேன். மறுநாள் எழுதியும் கொடுத்தேன், அலமாரி, கவர்கள், போட்டோக்கள் எல்லாவற்றையும். கலெக்டர் ஆபீசுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.