ஹெக்சேனும் அக்காவின் விரல்களும்

என் அக்காவைத் தொழிற்சாலையில் ‘மூக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஷூவின் அடிப்பாகத்தில் பசை தடவி, முகத்துக்கு நேரே பிடித்து முகர்ந்து பார்ப்பாள். வாடை போய்விட்டால் பசை பதமாகிவிட்டது, மேல்பாகத்தோடு வைத்து அழுத்தலாம். மற்றவர்கள் விரலால் தொட்டுப் பார்ப்பார்கள், தொட்ட இடம் சரியாக ஒட்டாது. அக்காவின் மூக்குக்கு அந்தப் பிசகு கிடையாது. பதினாறு வருடம், நாளைக்கு இருநூறு ஜோடி. விசிறி போட்டால் ஈரப் பசையில் தூசி படியுமாம், அதனால் விசிறி கிடையாது. ஷூவுக்குத் தூசி ஆகாது, மனுஷிக்கு எதுவும் ஆகும்!

போன வருடம் ஒருநாள், காலிலிருந்து செருப்பு கழன்றதே தெரியாமல் தெரு முழுக்க நடந்து வீட்டுக்கு வந்தாள்.

“ஊருக்கெல்லாம் ஷூ ஒட்டுறேன், என் கால்ல செருப்பு நிக்கல பாரு” என்று சிரித்தாள். நாங்களும் மடத்தனமாகச் சிரித்தோம். அப்புறம் டம்ளர் கை நழுவியது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. தொழிற்சாலை டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “சத்துக் குறைவும்மா, நல்லா சாப்பிடுங்க” என்று மாத்திரை எழுதினார்.

துணிக் கிளிப்புகள் போட்டு வைக்க அவள் கொண்டு வந்திருந்த காலிப் பசை டப்பாவை அன்றுதான் திருப்பிப் பார்த்தேன். எறும்பு எழுத்தில் ‘ஹெக்சேன்’. நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். ஆறு கார்பன், பதினாலு ஹைட்ரஜன். விதையிலிருந்து சமையலெண்ணெயைப் பிரிக்கும், பசையைக் கரைக்கும். ‘அன்றாட வாழ்வில் கரிம வேதியியல்’, ஐந்து மதிப்பெண். வருடக்கணக்கில் சுவாசித்தால் நரம்பைத் தின்னும் என்பது பாடத்தில் இல்லை. நானும் தேடவில்லை. ஊருக்கு உபதேசம் பண்ணிய வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

நரம்பு டாக்டர் பரிசோதித்துவிட்டு, பசைதான் காரணம் என்று எழுதியே கொடுத்தார். அந்தச் சீட்டோடு மறுநாள் தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போனோம். மேலாளர் அதைத் தொடவே இல்லை. தட்டச்சு செய்த கடிதம் ஒன்றை நீட்டினார்: ‘சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகுகிறேன்.’

“பேனா புடிக்க வரலைன்னா பரவாயில்லம்மா. கைநாட்டு வச்சிடுங்க” என்று மைப்பெட்டியை நகர்த்தினார்.

நான் எழுந்தே விட்டேன். அக்கா என்னை உட்காரச் சொன்னாள்.

“எனக்கு எழுதத் தெரியும் சார்.”

பேனாவை உலக்கை போல முஷ்டியில் பிடித்தாள். ‘சொந்தக் காரணங்களால்’ என்பதை அடித்தாள். மேலே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கோணல் எழுத்தில், ‘உங்கள் பசையால்’ என்று எழுதினாள். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. கீழே கையெழுத்தும் போட்டாள்.

“இதை நான் வாங்க முடியாதும்மா.”

“வேணாம் சார்.”

காகிதத்தை மடிக்க விரல் வளையவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தி மடித்து என்னிடம் கொடுத்தாள்.

“இதை எங்க குடுக்கணும்னு நீ சொல்லுடா. நீதானே படிச்சவன்.”