உறையில்லாத சோழ வாள்

சைபர் கஃபேயில் உட்கார்ந்து அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவிழா நாடகத்தில் லாரி ஓட்டும் மணியம் அண்ணன்தான் சோழ ராஜா. நான் எதிரி. அட்டைக் கத்தி வேண்டாம், அந்தக் காலத்து வாளேதான் வேண்டும் என்று அடம்பிடித்தவனும் நான்தான்.

சோழர் காலச் சிற்பப் படங்களைக் காட்டி, சுங்கை ரம்பாயில் பாராங் கத்தி அடிப்பவரிடம் நேரான, அகலமான வாள் ஒன்று செய்துவாங்கினேன். மரத்தின் மேல் மாட்டுத்தோல் போர்த்திய உறையும் உண்டு. பழக்கதோஷத்தில் அவர் வாளைக் கூராகவே தீட்டிவிட்டார். நாடகத்தில் அதை உருவும் காட்சி இல்லையே என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்று கோயிலில் ஒத்திகை. வாசலிலேயே பூசாரி தடுத்தார்.

"மாட்டுத்தோலு உள்ள வரக்கூடாது தம்பி. உறைய வெளிய வெச்சிட்டு வாள மட்டும் கொண்டு போ. அவ்வளவுதான் லா."

உறுமி மேளமும் தோல்தானே என்று நினைத்துக்கொண்டே உறையை வாசலில் வைத்தேன்.

வெறும் வாளோடு அண்ணன் நின்றார். நான் அவர் முன்னால் மண்டியிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் உறுமிக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள்.

உறுமி கேட்டால் அண்ணனுக்குச் சாமி வந்துவிடும்.

தோள் குலுங்கியது. கண் மேலே போனது. வாளும் மேலே போனது.

"அண்ணே, நான்தாண்ணே! வசனத்த சொல்லுங்கண்ணே!"

"எவன்டா எதிரி?"

அது நாடகத்தில் இல்லாத வசனம்.

பூசாரி ஓடிவந்து திருநீறு பூசி வாளை வாங்கிக்கொண்டார்.

நாளைக்கு நாடகம். உறுமியும் உண்டு. எங்கள் பத்து பெரண்டாம் ஊர்ப் பக்கம் யாரிடமாவது அட்டைக் கத்தி இருந்தால் உடனே சொல்லுங்கள். வளைந்திருந்தாலும் பரவாயில்லை, சோழர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.