நோன்பு நாளில் ஒரு மதியச் சோறு

மசூதியில் நோன்புக் கஞ்சி கொதிக்கும் புதினா வாசனை வந்தது. நோன்பு வைக்க மறுத்த என் மகளை மாமியார் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு நான் வளர்ந்த சதுரங்கப்பட்டினத்து வீடு நினைவுக்கு வந்தது.

அன்று மறுத்தவள் நான். "நாலு அடி போட்டு வெக்கச் சொல்லு" என்று அம்மாவிடம் கத்தினார் என் அப்பாவின் அண்ணனான பெரியத்தா. நோன்பில் உதடு காய்ந்திருந்த அம்மா, அவர் கண்ணெதிரே எனக்குச் சோறு போட்டாள்.

"அடிக்குப் பயந்து வெக்கிற நோன்பு அல்லாவுக்கு இன்னாத்துக்கு? அவளா வரட்டும்."

அந்த ரமலான் முழுக்க பெரியத்தா எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை. அடுத்த வருஷம் விடியுமுன் நானாகவே எழுந்து, நோன்பு வைக்க அம்மாவோடு சாப்பிட உட்கார்ந்தேன்.

"மாமி, நீங்க தொழுவப் போங்க. அவ சாப்புடட்டும்" என்று சொல்லிவிட்டு, மகளுக்கு மீன்குழம்பு ஊற்றினேன்.