கைப்பழக்கம்

கடைவீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அவருக்கு ஃபிளாஷ் என்று பேர். தொழிலைப் பார்த்து வைத்த பேரல்ல. கோபம் அப்படிப் பளிச்சென்று வரும், கூடவே கையும் நீளும். நேராக உட்காராத வாடிக்கையாளரின் தாடையைப் பிடித்துத் திருகுகிற முரட்டு ஆசாமி. ஆனால் படத்தைத் திருத்த மவுஸைத் தொட்டதும் அந்தக் கை பூவாகிவிடும். பருவை அழிப்பார், கன்னத்தை ஒடுக்குவார், நிறத்தைக் கொஞ்சம் ஏற்றுவார். யாரையும் கேட்பதில்லை.

பத்தாவது படிக்கும் மகள் சில வாரங்களாகச் சாப்பாட்டைத் தொடவில்லை. வகுப்பில் மயங்கி விழுந்த அன்று அம்மா அவள் போனைப் பார்த்துவிட்டு அலறினாள். மகளின் படத்துக்குக் கீழே வகுப்பே கூடி "பூசணி", "லாரி டயர்" என்று கும்மியடித்திருந்தது.

ஃபிளாஷ் போனைத் தரையில் அடித்து நொறுக்கினார். கேலியை ஆரம்பித்துவைத்த பையனை டியூஷன் வாசலில் பிடித்து, சுவரோடு சாத்தி அறைந்தார். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். வளர்ந்த மனுஷன் செய்கிற வேலையா அது?

"என்னை மட்டும் ஏன் அங்கிள் அடிக்கிறீங்க? நீங்க பண்ணதைப் பாருங்க!" என்று அழுதுகொண்டே பையன் தன் போனை நீட்டினான்.

அதில் மகளின் இரண்டு முகங்கள். ஒன்று, வகுப்பில் யாரோ எடுத்தது. மற்றது, ஃபிளாஷ் எடுத்துக் கொடுத்த பள்ளி அடையாள அட்டைப் படம். கன்னம் பாதிதான் இருந்தது. கீழே, "இவ மூஞ்சி இவ அப்பாவுக்கே பிடிக்கல" என்று எழுதியிருந்தது.

அவர் பையனின் சட்டையை விட்டார். ஸ்டூடியோவுக்கு வந்தபோது மகள் அந்த அடையாள அட்டையோடு அங்கே நின்றிருந்தாள்.

"பழக்கதோஷம்மா. வேணும்னு செய்யல."

"சரிப்பா. நீங்க தொடாத என் படம் ஒண்ணு காட்டுங்க. போதும்."

தேடினார். போன வருஷத்துப் படம், பல் விழுந்த வயசுப் படம், தொட்டிலில் கிடந்த படம். திருத்தியதைப் பழையதன் மேலேயே சேமிப்பது அவர் வழக்கம்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"இல்லம்மா."

அவள் கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக் கம்ப்யூட்டர் திரையில் அடித்தாள். கண்ணாடி சிதறித் தெறித்தது. இரண்டாவது அடி மவுஸின் மேலிருந்த அவர் கையில் விழுந்தது. விரல் முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது.

மூன்றாவது முறை அவள் ஓங்கியபோதும் ஃபிளாஷ் கையை இழுத்துக்கொள்ளவில்லை.