தப்புக்காரர் கையும் என் வாயும்

எங்கள் காலனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ரங்கம்மா வாயாடி, கட்டின புருஷனை ஊரே பார்க்க அதட்டினவள் என்று. சொல்லட்டும். தப்பு அடிக்கிற ஆஞ்சப்பனுக்கு நான் பெண்டாட்டி. உத்தனப்பள்ளியிலிருந்து ராயக்கோட்டை வரைக்கும் சாவென்றாலும் திருவிழாவென்றாலும் அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அந்த மனுஷனை நான் திட்டாத நாள் கிடையாது. அடுப்புப் பக்கம் வந்தால் கத்துவேன். டீக்கடையில் சூடான டம்ளரை எடுத்தால் கத்துவேன். வைக்கோலைக் கொளுத்தித் தப்புத் தோலைக் காய்ச்ச அவர் உட்காரும்போது தலைமாட்டில் நின்றுகொண்டு, "யோவ், கைய எடுய்யா" என்பேன்.

எனக்கென்ன பைத்தியமா? அவர் கைக்கு நோவு தெரியாது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தங்கதுரைக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

தங்கதுரை சைக்கிளில் ஊர் ஊராக வருகிற சுகாதார ஊழியர், தெற்கத்திக்காரர். எண்பத்தைந்தில் இவர் முதுகிலும் முழங்கையிலும் தேமல் மாதிரி இருந்ததைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடச் சொல்லிக் கோழி இறகால் கையைத் தொட்டார். தொட்டது இவருக்குத் தெரியவேயில்லை. குஷ்டம். மாத்திரை விடாமல் சாப்பிட்டால் நோய் போய்விடும், யாருக்கும் ஒட்டாது, ஆனால் மரத்துப்போன விரல் மரத்ததுதான் என்றார்.

"சுட்டா நாம வெடுக்குன்னு கைய எடுத்துருவோம்மா. இவருக்கு அத யாரு சொல்லுவா? புண்ணாகிப் புண்ணாகி விரலு தேஞ்சிரும். அப்புறம் குச்சி புடிக்க ஏலாது."

"நான் சொல்றேன்" என்றேன். அன்றைக்குப் பிடித்த கத்தல்தான்.

ஊருக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். பக்கத்து ஊர்க் கோவிந்தனும் தப்பு அடிக்கிறவன்தான். அவனுக்கு இதே நோய் என்று தெரிந்ததும் ஏரிக்கரையில் குடிசை போட்டுத் தள்ளிவைத்தார்கள். குடிக்கிற தண்ணீரைக்கூட அவன்மேல் படாமல் தூக்கி ஊற்றினார்கள். அவன் தொட்ட தப்பை எரித்தே விட்டார்கள். இவருக்குச் சோறில்லாமல் ஒரு வாரம் இருக்க முடியும், தப்பில்லாமல் இருக்க முடியாது. மூக்கண்டப்பள்ளியில் இரும்பு வார்க்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. போக வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அத்தனை சூட்டில் யார் கத்துவார்கள்? கம்பெனி வேலையைக் கெடுத்த மூதேவி என்று அதற்கும் எனக்குத்தான் பேர்.

விரல் மரத்தாலும் அடி கெடவில்லை. குச்சி நழுவாமலிருக்கத் துணி சுற்றிக்கொண்டார். தோல் காய்ந்ததா என்று மற்றவர்கள் கையால் தடவிப் பார்ப்பார்கள். இவர் தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார்.

எண்பத்தெட்டு மாரியம்மன் திருவிழாவுக்கு முதல் நாள், நான் தக்காளிக் கூடையோடு ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து இவர் கோயில் வாசலில் தப்பு காய்ச்சியிருக்கிறார். கங்கு ஒன்று விரலிடுக்கில் விழுந்து புகைந்திருக்கிறது. இவர் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்துவிட்டார்கள். பூசாரி வெங்கடப்பன், நெருப்பு சுடாத கை, இது ஆத்தா கொடுத்த கை என்று சொல்லி, நாளைக்கு அக்னிச்சட்டியை ஆஞ்சப்பன்தான் எடுக்கணும், வேப்பிலைகூட வைக்காமல் வெறுங்கையில் எடுக்கணும் என்று அறிவித்துவிட்டான். இந்த மகராசனும் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார்.

வீடு திரும்பி இதைக் கேட்டதும் கூடையை எறிந்தேன். சட்டி எடுக்கிற எல்லோருக்கும் சுடத்தான் செய்யும். சுடச் சுடக் கையை மாற்றிக்கொண்டே போவார்கள். இவருக்கு மாற்றத் தெரியாது. எரிகிற விறகு நிறைந்த சட்டியை அப்படியே பிடித்திருப்பார். காலனி முழுக்கச் சுற்றி, வாசலுக்கு வாசல் நின்று, மஞ்சள் தண்ணீர் வாங்கிக் கோயில் வருவதற்குள் கையில் என்ன மிஞ்சும்?

"முடியாதுன்னு சொல்லிட்டு வா."

"ஏன்னு கேப்பாங்க. என்னான்னு சொல்றது? கோவிந்தன் பக்கத்துல இன்னொரு குடிசை போடவா?"

"வெரலு போனா எதாலய்யா அடிப்ப?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் உச்சி வெயிலில் மஞ்சள் வேட்டியோடு, ஈரத்தலையோடு வந்து நின்றார். அவருக்குப் பதிலாகத் தப்பு அடித்தது முனிவேல். முனிவேல் தாளம் ஊரறிந்தது, ஒரு காலில் செருப்பில்லாமல் நடப்பவன் மாதிரி அடிப்பான். வெங்கடப்பன் விறகு எரிகிற சட்டியை இரும்புக் கொறட்டால் தூக்கினான். இவர் இரண்டு கையையும் நீட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் ஆடியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். கொண்டை அவிழ்ந்தது தெரியாது. வழக்கமாகக் கத்துவதைத்தான் கத்தினேன், கையை எடு, கையை எடு என்று. ஆனேக்கல் பக்கத்துக்காரி நான், பயத்தில் பிறந்த ஊர்க் கன்னடம் வந்துவிட்டது. அவ்வளவுதான். பெண்கள் குலவையிட்டார்கள். வெங்கடப்பன் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என் காலில் விழுந்தான்.

"ஆத்தா வந்துட்டா. என்ன குத்தம் தாயே, சொல்லு."

எந்த ஆத்தாவும் வரவில்லை. வந்தது பயம். ஆனால் அவன் கேட்டதும் எனக்கு வழி தெரிந்தது.

"எந் தப்புக்காரன் கையில சட்டி எதுக்குடா? அவன் அடிக்கோணும். அவன் அடிச்சாத்தான் நான் நடப்பேன்."

முனிவேல் தப்பை அப்போதே கழற்றிக் கொடுத்துவிட்டான், பாவம், அவனுக்கும் விட்டால் போதும் என்றிருந்தது. வெங்கடப்பன் எழுந்திருக்கவில்லை.

"அப்ப சட்டியை யாரு எடுக்கறது தாயே?"

கூட்டம் என்னையே பார்த்தது. இவரும் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நான் எடுப்பேன்."

ஆத்தாவே எடுக்கும்போது வேப்பிலை எதற்கு என்று அதையும் தரவில்லை. சட்டி கைக்கு வந்ததும் உயிர் போனது. வலது கை, இடது கை, வலது கை. கத்தினால் சாமி இல்லை என்று தெரிந்துபோகும். ஊருக்கெல்லாம் கத்திய வாயைக் கடித்து மூடிக்கொண்டேன். உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது.

அப்போது இவர் அடிக்க ஆரம்பித்தார். சட்டி எடுப்பவர் தப்பின் அடிக்குத்தான் கால் வைக்க வேண்டும். வாசலில் நிற்க ஓர் அடி, ஆட ஓர் அடி, நடக்க ஓர் அடி. அன்றைக்கு இவர் நிற்கிற அடியை அடிக்கவேயில்லை. ஓட்டமாக அடித்தார். நானும் ஓடினேன், கூட்டமும் ஓடியது. மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள். வெங்கடப்பன் மூச்சிரைக்கப் பின்னால் வந்து, மெதுவா அடிடா என்று கெஞ்சினான். இவர் அவன் பக்கம் கண்ணையே திருப்பவில்லை. என் கையைப் பார்த்தபடி பின்னோக்கி ஓடிக்கொண்டே அடித்தார். கை மாற்றத் தாமதமானால் ஓங்கி ஓர் அடி விழும். உடனே மாற்றுவேன். கல்யாணமான நாள் முதல் அவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை, அன்றைக்குத்தான் அந்தத் தப்பால் என்னைத் திட்டினார்.

கோயில் வந்தது. சட்டியை இறக்கியதும் விழுந்துவிட்டேன். அந்த வருஷம் ஆத்தாவுக்குக் கோபம், அதனால்தான் ஓடினாள் என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

மறுநாள் சோற்றுக் கற்றாழையைக் கீறி என் உள்ளங்கையில் வைத்தார். கொப்புளத்தை அழுத்திப் பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் பிடியைத் தளர்த்தினார்.

"ரொம்ப நோவுதா?"

"நோவாம?"

இன்னொரு கீற்றை எடுத்து மற்றக் கையில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எப்பிடி நோவுதுன்னு சொல்லு ரங்கம்மா. எனக்கு மறந்துபோச்சு."

அவர் கையை என் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். கண்ணீர் பட்டதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

மாத்திரையில் நோய் போயிற்று. அதற்கப்புறமும் எட்டு வருஷம் அடித்தார், நானும் எட்டு வருஷம் கத்தினேன். தொண்ணூற்றாறில் நெஞ்சடைத்துப் போய்விட்டார். பங்காளிகள் எரிக்கலாம் என்றார்கள். எவனாவது நெருப்பை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து பாருங்கள் என்று தெருவில் நின்று கத்தினேன். செத்தவனையும் விடமாட்டேன் என்கிறாளே என்று சிரித்தார்கள். ஆனாலும் புதைத்தார்கள். பத்து விரலும் அப்படியே இருந்தன.