டீச்சர் மடித்த பூக்கள்

பதினோரு வருடமாக மழலையர் வகுப்பு எடுக்கும் டீச்சருக்கு அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றும் முகம் சுண்டிப்போகும்.

வசந்த காலம் தொடங்கியதும் பிள்ளைகளுக்குக் காகிதத்தில் துலிப் பூ மடிக்கக் கற்றுக்கொடுத்தாள். சதுரத் தாளை முக்கோணமாக மடித்து, இரண்டு முனைகளையும் மேலே தூக்கினால் பூ. இருபத்திரண்டு பூக்கள் சுவரில் ஏறின. ஒன்று சாய்ந்தது, ஒன்று வாயைப் பிளந்தது. எட்டிப் பார்த்த தலைமை ஆசிரியை, "நாளைக்குப் பெத்தவங்க வர்றாங்க. இதென்ன டீச்சர், கோழி கிளறின மாதிரி?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் டீச்சர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தானே புதிதாக மடித்து அந்தந்தப் பிள்ளையின் பெயருக்கு மேல் ஒட்டினாள். அச்சடித்தது போல இருந்தன.

மறுநாள் அணில் என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி அம்மாவைச் சுவரருகே இழுத்து வந்தாள்.

"இது என்னோடது இல்லம்மா. என் பூவுக்குள்ள எறும்பு வரைஞ்சிருந்தேன்."

"உன் பேருதானே போட்டிருக்கு? பொய் சொல்லாதே!"

அணிலின் உதடு துடித்தது. தலைமை ஆசிரியை பக்கத்திலேயே நின்றார். டீச்சரால் பொறுக்க முடியவில்லை.

"அவ பொய் சொல்லலைங்க. எல்லாமே நான் மடிச்சது."

"அப்போ என்னோடது எங்க டீச்சர்?"

"குப்பையில போட்டுட்டேன், கண்ணு. தப்புதான்."

தலைமை ஆசிரியை ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீச்சருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அணில் அதற்குப் பிறகும் ஆசையாகத்தான் மடித்தாள். ஆனால் வருடம் முடியும்வரை ஒரு பூவைக்கூட டீச்சர் கையில் தரவில்லை. மடித்த கையோடு தன் பைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.